போக்கர் டோர்னமென்ட்: முடிவே இல்லாத சீட்டாட்டத்துக்கு ஒரு முடிவு கிடைத்த வரலாறு

போக்கர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பவர்களுக்குக்கூட, அதில் அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு வகைகள் உண்டு என்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. முதல் வகை, பணம் வைத்து ஆடும் சாதாரண மேசை ஆட்டம். இதை ஆட்டக்காரர்கள் கேஷ் கேம் என்பார்கள். இதில் பணத்துக்குப் பதிலாக மேசைமேல் வைக்கும் வட்ட வில்லைக்குச் சிப் என்று பெயர்; ஒவ்வொரு சிப்பும் அதில் குறித்துள்ள அளவு பணத்துக்குச் சமம். யார் வேண்டுமானாலும் நடுவில் வந்து உட்காரலாம், விரும்பியபோது எழுந்து போகலாம், தோற்றவர் பையில் இன்னும் பணமிருந்தால் எடுத்து வைத்துத் தொடரலாம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் குறிப்பிட்ட தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே வெற்றியாளர் என்று ஒருவரைச் சுட்டவும் வழியில்லை. இரண்டாவது வகை டோர்னமென்ட். இதில் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி, ஒரே அளவு சிப்களைப் பெற்றுக்கொண்டு, ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். சிப் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். கடைசியில் எல்லாச் சிப்களும் ஒருவர் முன்னால் வந்து சேரும்போது போட்டி முடிகிறது.

இன்று போக்கர் என்றாலே இந்த இரண்டாவது வகைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் பரவிய இந்த ஆட்டம், அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, பேர் சொல்லும்படியான டோர்னமென்ட் ஏதுமில்லாமலேயே ஆடப்பட்டது. இப்போது நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் 1970-களில், லாஸ் வேகாஸ் நகரத்தின் ஒரே ஒரு சூதாட்ட விடுதியில், ஆண்டுக்கு ஒரு விதியாக உருவானது. அந்த விதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: தொழில்முறை ஆட்டக்காரர்களின் வசதிக்காக இவை தொடங்கப்படவில்லை. வேடிக்கை பார்ப்பவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கப்பட்டவை, பின்னாளில் தொழிலுக்கே வெளியில் இருந்தவர்களை உள்ளே கொண்டுவந்து சேர்த்தன.

வரலாற்றுக்குள் போகுமுன், ஆடப்பட்ட ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போக்கரில் பல வகைகள் உண்டு. டோர்னமென்ட்டுக்கு நிலைத்துவிட்டது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அவற்றை அவர் மட்டுமே பார்ப்பார். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். தன்னிடமுள்ள இரண்டும் பொதுவிலுள்ள ஐந்துமாகிய ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்ப்பதில் எவருடையது உயர்ந்ததோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம் முழுவதும் போகும். மற்ற எல்லோரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே அவர் அதை அள்ளிக்கொள்ளலாம். வரம்பில்லாத ஹோல்டெமில் எந்தக் கட்டத்திலும் முன்னால் இருக்கும் எல்லாச் சிப்களையும் ஒரேயடியாகத் தள்ள முடியும். அதற்குப் பெயர் ஆல்-இன். டெக்சாஸின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே இதன் பிறப்பிடம் என அம்மாநிலச் சட்டமன்றம் 2007-இல் தீர்மானம் போட்டது. 1963-இல் கார்க்கி மெக்கார்குடேல் என்ற ஆட்டக்காரர் இதை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுவந்ததாகக் கூறுவார்கள். ஐந்து சீட்டுகள் பொதுவில் திறந்து கிடப்பதால் பின்னால் நின்று பார்ப்பவருக்கும் பாதி ஆட்டம் தெரிந்துவிடும். மேசைக்கு ஒன்பது பத்துப் பேர் உட்காரலாம். டோர்னமென்ட்டுக்கு இது ஏன் பொருந்தியது என்பதற்கு இவையே போதிய காரணங்கள்.

அந்தக் காலத்துத் தொழில்முறை போக்கர்காரர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தால்தான் டோர்னமென்ட் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியிருந்தது. ஆனால் நல்ல பணம் புரண்ட ஆட்டங்கள் பல டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில், சட்டத்துக்குப் புறம்பாக, கடைகளின் பின்னறைகளிலும் விடுதி அறைகளிலும் நடந்தன. டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம் என்று அழைக்கப்பட்ட தாமஸ் பிரெஸ்டன், செய்லர் ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் ஒரே பண மூட்டையைப் பொதுவில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காரில் சென்று ஆடியவர்கள். ஏமாற்று ஆட்டக்காரர், போலீஸ், துப்பாக்கியுடன் வரும் கொள்ளையர் ஆகிய மூவகையினரிடமிருந்தும் தப்பிப்பதே அவர்களின் பாதி வேலையாக இருந்தது. இந்தத் தொழிலில் புகழ் என்பது இடைஞ்சல். நன்றாக ஆடுபவர் என்று பெயர் பரவிவிட்டால் எதிரில் உட்கார ஆள் கிடைக்காது. வரி அதிகாரியும் தேடி வருவார்.

இவர்களை ஒரே கூரையின்கீழ் திரட்டும் யோசனை 1969-இல் ரீனோ நகரின் ஹாலிடே விடுதியில் முதலில் செயலுக்கு வந்தது. அதன் உரிமையாளர் டாம் மூர், டெக்சாஸ் சூதாடிகளின் சந்திப்பு என்ற பெயரில் பெரிய ஆட்டக்காரர்களை அழைத்தார். வந்தவர்கள் சில நாட்கள் தங்களுக்குள் கேஷ் கேம் ஆடிவிட்டுக் கலைந்தார்கள். மூர் அதைத் தொடரவில்லை. அதை எடுத்து நடத்தியவர், லாஸ் வேகாஸில் ஃப்ரீமான்ட் தெருவிலிருந்த ஹார்ஸ்ஷூ விடுதியை நிறுவிய பென்னி பினியன். இவர் டல்லாஸில் சட்டவிரோதச் சூதாட்டம் நடத்தி, அங்கிருந்து வெளியேறி, வரி ஏய்ப்புக்காகச் சிறையும் சென்று வந்தவர். சிறைக்குப் பின் சூதாட்ட உரிமம் அவருக்கு மீண்டும் கிடைக்காததால், விடுதியை மகன் ஜாக் பினியன் நடத்த, தந்தை மேசையோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

ஒரு சூதாட்ட விடுதிக்குப் போக்கரில் என்ன லாபம் என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. ரூலெட்டிலோ பிளாக்ஜாக்கிலோ வாடிக்கையாளர் தோற்பது விடுதியிடம். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் தோற்கிறார்கள். விடுதிக்குக் கிடைப்பது மேசையிலிருந்து எடுக்கும் சிறு கழிவு மட்டுமே. எனவே போக்கர் மேசையைப் பல விடுதிகள் இடத்தை அடைக்கும் கேடாகவே கருதின. பினியன் வேறு கணக்குப் போட்டார். பத்தாயிரம் டாலர் நோட்டுகளாகப் பத்து இலட்சம் டாலரைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள மக்களை வரவழைத்த மனிதர் அவர். அன்றைய பெயர்பெற்ற சூதாடிகளான ஜானி மாஸும் நிக் தி கிரீக்கும் மாதக்கணக்கில் தம் விடுதியில் ஒற்றைக்கு ஒற்றை ஆடியதைக் கூட்டம் சுற்றி நின்று பார்த்தது என்று அவர் சொல்லிவந்த பழைய கதை ஒன்றும் உண்டு. அதைக் கதையாகவே கொள்ளலாம், ஆனால் பெரிய ஆட்டத்தைப் பார்க்க வருகிற கூட்டம் மற்ற மேசைகளில் காசு விடும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு அது சான்று.

1970-இல் ஹார்ஸ்ஷூவில் முதல் உலகப் போக்கர் தொடர் நடந்தது. ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தால் இதை இன்றும் டபிள்யூ.எஸ்.ஓ.பி. என்கிறார்கள். பெயர்தான் பெரிது. அழைக்கப்பட்ட சிலர் பல வகைப் போக்கர்களைக் கேஷ் கேமாக ஆடினார்கள். முடிவில் யார் சிறந்தவர் என்று ஆட்டக்காரர்களையே வாக்களிக்கச் சொல்லி, ஜானி மாஸுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். முதல் வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தமக்கே வாக்களித்துக்கொண்டதாகவும், அதனால் இரண்டாவது சிறந்தவர் யார் என்று கேட்டுத்தான் மாஸைக் கண்டுபிடித்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, அந்த ஏற்பாட்டின் கோளாறை அது சரியாகவே காட்டுகிறது. வாக்கெடுப்பில் வெல்வதைச் செய்தியாளர் எப்படி எழுதுவார்? எந்தக் கணத்தைப் படம் பிடிப்பது? யார் எவ்வளவு வென்றார் என்பதை ஆட்டக்காரர்கள் தாமாகச் சொல்லவும் போவதில்லை.

அடுத்த ஆண்டு வந்த தீர்வுக்கு ஃப்ரீஸ்அவுட் என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திருந்த ஒரு செய்தியாளர் இதைச் சொன்னார் என்பது ஒரு தரப்பு; பகி பியர்சன் என்ற ஆட்டக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தார் என்பது இன்னொரு தரப்பு. எவர் சொன்னாலும் விதி எளியது: எல்லோரும் சமமாகப் பணம் கட்ட வேண்டும், தீர்ந்தபின் மேலும் வாங்கக் கூடாது, வென்றதை எடுத்துக்கொண்டு நடுவில் எழுந்து போகவும் கூடாது. 1971-இல் 6 பேர் தலைக்கு 5,000 டாலர் கட்டினார்கள். மொத்தம் 30,000 டாலரையும் ஜானி மாஸ் வென்றார். ஒரே ஆள் மறுபடியும் வென்றாலும், இம்முறை வாக்குச் சீட்டு தேவைப்படவில்லை.

சிப் தீர்ந்தவர் வெளியேறத்தான் வேண்டும் என்று விதி வைத்துவிட்டால் மட்டும் ஆட்டம் முடிந்துவிடாது. பொறுமையுள்ள இருவர் நல்ல சீட்டுக்காகக் காத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியும். அதைத் தடுப்பதுதான் பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம். ஒவ்வொரு கை ஆட்டத்திலும் டீலர் இடத்துக்கு அடுத்துள்ள இருவர், சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தொகையை நடுவில் வைத்தாக வேண்டும். முதல்வர் சிறியதை, அடுத்தவர் பெரியதை. இந்தக் கடமை மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக நகர்ந்து வரும். கேஷ் கேமில் இந்தத் தொகை மாறாது. டோர்னமென்ட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அது உயர்ந்துகொண்டே போகும். ஒருவரிடம் 10,000 சிப் இருப்பதாகக் கொள்வோம். பிளைண்ட் 50, 100 என்றிருந்தால் மேசை ஒரு முறை சுற்றிவருவதற்குள் அவருக்கு 150 செலவாகும். எதுவும் ஆடாமலேயே அவர் 66 சுற்றுகள் உட்கார்ந்திருக்கலாம். அதுவே 500, 1,000 என்றாகிவிட்டால் செலவு 1,500; ஏழாவது சுற்றில் அவர் கை காலி. ஆகவே தொடக்கத்தில் பொறுமையாக இருப்பவர் பின்னால் துணிந்தே ஆக வேண்டும். சுமாரான சீட்டு வந்தாலும் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டிய நேரம் வரும். டோர்னமென்ட் ஆட்டத்தின் தனித்திறமை என்பது பெரிதும் இந்த நேரத்தைக் கணிப்பதுதான். எத்தனை ஆண்டுகள் கேஷ் கேம் ஆடியிருந்தாலும் அது தானாக வந்துவிடாது.

1972-இல் நுழைவுப் பணம் 10,000 டாலராக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்தத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு அதே தொகைதான் என்பது வியப்புக்குரியது. அவ்வாண்டு 8 பேர் கலந்துகொண்டார்கள். மூவர் எஞ்சியபோது நடந்ததுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. மிஞ்சியவர்கள் பிரன்சன், பியர்சன், அமரில்லோ ஸ்லிம். வென்றால் பெயரும் படமும் பத்திரிகையில் வரும் என்பதை பிரன்சன் விரும்பவில்லை. ஊரில் தம்மைச் சூதாடி என்று எல்லோரும் அறிந்துகொள்வதில் அவருக்கு உடன்பாடில்லை. எனவே மூவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். உடல்நலமில்லை என்று காரணம் சொல்லி பிரன்சன் தம் பங்குப் பணத்துடன் விலகினார். பட்டம் ஸ்லிமுக்குப் போனது. 80,000 டாலர் பரிசு என்பது ஏட்டில் இருந்த கணக்கு.

இன்றைய விதிகளின்படி ஒப்புக்கொள்ள முடியாத இந்த ஏற்பாடு, பினியனுக்கு வேறு எவரும் தந்திருக்க முடியாத விளம்பரத்தைத் தந்தது. ஒல்லியான உடம்பு, பெரிய கௌபாய் தொப்பி, நிற்காத பேச்சு என்று ஸ்லிம் மேடைக்கென்றே பிறந்தவர். ஜானி கார்சனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளைக் கேட்ட கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு, போக்கரில் உலக வெற்றியாளர் என்று ஒருவர் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1973-இல், சிபிஎஸ் தொலைக்காட்சி போட்டியைப் படமெடுத்து ஒளிபரப்பியது. 13 பேர் கட்டிய 1,30,000 டாலரை பகி பியர்சன் வென்றார். அதே ஆண்டு வாய்மொழி வரலாற்றுக்காக அளித்த பேட்டியில், இது ஒருநாள் 50 பேர் வரையிலும் அதற்கு மேலும் வளரக்கூடும் என்று பினியன் சொன்னார். அது அன்றைக்குக் கொஞ்சம் மிகையான ஆசை.

இந்தத் தொடக்க ஆண்டுகளில் கணக்கு ஒளிவுமறைவற்றது: ஆட்களின் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பரிசுத் தொகை. 1974-இல் 16 பேர், மூன்றாம் முறையாக ஜானி மாஸ், 1,60,000. 1975-இல் 21 பேர், செய்லர் ராபர்ட்ஸ், 2,10,000. அதாவது பரிசுப் பணம் முழுவதும் ஆட்டக்காரர்கள் தாமே கட்டியது. டென்னிஸ், கோல்ஃப் போன்ற தொழில்முறை விளையாட்டுகளில் விளம்பர நிறுவனமோ ஏற்பாட்டாளரோ பரிசைத் தருவார். இங்கே தோற்றவர்கள் தருகிறார்கள். தொழில்முறை என்ற அடைமொழி போக்கரில் இதனால் சற்று வேறு பொருள் கொள்கிறது. சம்பளம் தருபவர் எவரும் இல்லாததால், பலர் நுழைவுப் பணத்தை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டு, வென்றால் பங்கு தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அன்றைய பெருந்தலைகளுக்கு டோர்னமென்ட் என்பதே வருமானத்தின் சிறு பகுதிதான். போட்டிக்காக ஊரெங்கும் இருந்து பணக்காரர்கள் வந்து குவியும் அந்த வாரங்களில், பக்கத்து மேசைகளில் இரவெல்லாம் ஓடிய கேஷ் கேம்களே உண்மையான அறுவடை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புகழுக்கு அஞ்சி ஒதுங்கிய டாயில் பிரன்சன், 1976-இல் ஒதுங்கவில்லை. 22 பேர் ஆடிய அந்தப் போட்டியின் கடைசிக் கை ஆட்டத்தை விரித்துச் சொன்னால் ஆல்-இன் என்பது என்ன செய்யும் என்று தொடக்க நிலையினருக்கு விளங்கும். எதிரில் இருந்த ஜெஸ்ஸி ஆல்ட்டோவின் கையில் ஏஸும் ஜாக்கியும். பிரன்சனிடம் இஸ்பேட் 10, இஸ்பேட் 2. நல்ல ஆட்டக்காரர் வழக்கமாகத் தூக்கிப் போட்டுவிடக்கூடிய சீட்டு. நடுவில் திறந்த மூன்று சீட்டுகள் ஏஸ், ஜாக்கி, 10. ஆல்ட்டோவுக்கு ஒரேயடியாக இரண்டு ஜோடி; பிரன்சனுக்கு 10-இல் ஒரு ஜோடி மட்டும். நான்காவதாக 2 வந்தது. பிரன்சனுக்கும் இரண்டு ஜோடி ஆனாலும் அது ஆல்ட்டோவுடையதைவிடத் தாழ்ந்ததுதான். ஐந்தாவதாக வந்தது 10. மூன்று 10, இரண்டு 2 என்று ஃபுல் ஹவுஸ் அமைந்து, 2,20,000 டாலர் பிரன்சனுக்குப் போனது. அடுத்த ஆண்டு 34 பேர் ஆடிய போட்டியில் மீண்டும் பட்டம் பெற்றபோதும் அவர் கையில் இருந்த கடைசிச் சீட்டுகள் 10, 2. ஐந்தாவது சீட்டும் 10. அமைந்ததும் அதே ஃபுல் ஹவுஸ். இதனால் 10-2 என்ற மோசமான இணைக்கு உலகமெங்கும் டாயில் பிரன்சன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெற்றியாளர்களுக்குக் கைக்காப்பு வழங்கும் வழக்கமும் 1976-இல்தான் தொடங்கியது. பணத்தைச் சில நாட்களில் இன்னொரு மேசையில் தோற்றுவிடக்கூடியவர்களுக்கு அந்தக் காப்பு வேறு வகை மதிப்புடையதாயிற்று.

1978-இல் செய்த மாற்றம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் என் கணிப்பில் ஃப்ரீஸ்அவுட்டுக்கு அடுத்த பெரிய திருப்பம் அதுவே. அதுவரை முதல்வருக்கே முழுப் பணம். இரண்டாமவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் வேறுபாடில்லை. இதனால்தான் 1972-இல் நடந்ததுபோல் திரைமறைவுப் பங்கீடுகள் தவிர்க்க முடியாதவையாக இருந்தன. 1978-இல் 42 பேர் கட்டிய 4,20,000 டாலரை முதல் ஐந்து இடத்தினருக்குப் பிரித்தார்கள். வென்ற பாபி பால்ட்வினுக்குப் பாதித் தொகையான 2,10,000. இரண்டாமவர் கிராண்டல் ஆடிங்டனுக்கு 84,000.

இந்தப் பிரிப்பு சிப்பின் மதிப்பையே மாற்றிவிட்டது. போட்டி முடியும்போது பால்ட்வின் முன்னால் 4,20,000 சிப்கள் இருந்தன, கிடைத்த பணமோ அதில் பாதி. இரண்டாமவரிடம் ஒரு சிப்கூட மிஞ்சவில்லை, ஆனாலும் 84,000 டாலருடன் வீடு திரும்பினார். ஆக, சிப் இரட்டித்தால் பணமும் இரட்டிக்கும் என்ற கேஷ் கேம் கணக்கு இங்கே செல்லாது. கையில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சில சிப்களுக்கு, பெருங்குவியலில் மேலும் சேரும் சிப்களைவிட மதிப்பு அதிகம். இன்னும் ஒருவர் வெளியேறினால் தமக்குப் பரிசு உறுதி என்ற நிலையில் இருப்பவர், கேஷ் கேமில் கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருக்கக்கூடிய சீட்டையும் யோசித்து விலகுவார். பெரிய குவியல் வைத்திருப்பவர் அந்த அச்சத்தை அறிந்து அவரை மிரட்டுவார். டோர்னமென்ட் உத்தி என்று இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரு விளைவைச் சுற்றியே இருக்கிறது.

பிரிப்பின் இன்னொரு விளைவு, வெளியாட்களுக்குத் துணிவு வந்தது. ஐந்து பேருக்குப் பரிசு என்றால் ஐந்தாம் இடத்துக்காவது ஆசைப்படலாம் அல்லவா? 1979-இல் 54 பேர் வந்தார்கள். பினியன் சொன்ன 50 தாண்டியாயிற்று. வென்றவர் ஹால் ஃபவுலர், தொழில்முறையில் சேராத முதல் வெற்றியாளர். எதிரே இருந்த பாபி ஹாஃப் தேர்ந்த தொழில்காரர். இறுதிக் கையில் அவரிடம் இரண்டு ஏஸ்கள், அதாவது கிடைக்கக்கூடியவற்றில் மிகச் சிறந்த இணை. ஃபவுலரிடம் 7, 6. நடுவில் ஜாக்கி, 5, 3 திறந்தன. நான்காவதாக வந்த 4, ஃபவுலருக்கு 3 முதல் 7 வரை தொடர்ச்சியை அமைத்துக் கொடுத்தது. சரியாக ஆடியவர் தோற்றார் என்று தொழில்காரர்கள் நெடுநாள் அங்கலாய்த்தார்கள். அவர்கள் சொன்னது நியாயமே. ஆனால் வீட்டிலிருந்து செய்தி படித்த சமையலறைச் சீட்டாட்டக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நேர்மாறானது. சில நாள் ஆட்டத்தில் தாமும் வெல்லலாம் என்று அவர் நினைத்தார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் நியூயார்க்கின் ஸ்டூ அங்கருக்குரியவை. அவர் அடிப்படையில் ஜின் ரம்மி மேதை. எதிரில் உட்கார ஆள் கிடைக்காத அளவுக்கு அதில் வென்றுவிட்டதால் போக்கருக்கு வந்தவர். 1980-இல் பிரன்சனையே கடைசியில் தோற்கடித்தார்; 1981-இல் மீண்டும் வென்றார். 1982-இல் முதன்முறையாக நூறைத் தாண்டி 104 பேர் ஆட, ஜாக் ஸ்ட்ராஸ் வென்றார். எல்லாச் சிப்களையும் இழந்து எழுந்தவர், மேசையில் மறைந்து கிடந்த ஒற்றைச் சிப்பைக் கண்டெடுத்து, அதிலிருந்தே மீண்டு வந்து பட்டத்தைப் பிடித்ததாகச் சொல்லப்படுகிறது. சிப் ஒன்றும் நாற்காலி ஒன்றும் போதும் என்று போக்கர்காரர்கள் இன்றும் சொல்வதற்கு இந்தக் கதைதான் மூலம்.

ஆனாலும் 10,000 டாலர் என்பது அன்றைய அமெரிக்கத் தொழிலாளியின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிடத்தக்க தொகை. அதைக் கொண்டுவரக்கூடியவர்கள் எத்தனை பேர்? போட்டியை நிர்வகித்த எரிக் டிராக் இதற்குக் கண்ட வழி சாட்டிலைட் எனப்படும் தகுதி ஆட்டம். பத்துப் பேர் தலைக்கு 1,000 டாலர் வைத்து ஒரு சிறு ஃப்ரீஸ்அவுட் ஆடுவார்கள். வெல்பவருக்குப் பணம் கிடையாது, முதன்மைப் போட்டியில் ஓர் இடம் கிடைக்கும். மற்ற ஒன்பது பேர் தலைக்கு ஆயிரத்தோடு தப்பினார்கள். விடுதிக்கு ஒரு காசு செலவில்லை. போட்டிக்கு ஓர் ஆள் கூடியது. இதே முறையை இன்னும் கீழே இறக்கி, நூறு டாலர் ஆட்டத்தில் வென்று ஆயிரம் டாலர் ஆட்டத்துக்குப் போகவும் செய்யலாம். 1983-இல் 108 பேர் ஆடியதில், இறுதியில் எதிரெதிரே அமர்ந்த டாம் மெக்கெவாய், ராட் பீட் இருவருமே இப்படித் தகுதி ஆட்டம் வழியாக வந்தவர்கள். மூன்றாம் இடத்தில் வெளியேறியவர் டாயில் பிரன்சன். மிச்சிகனில் கணக்காளராக இருந்தவரான மெக்கெவாய் 5,40,000 டாலர் வென்றார்.

லாஸ் வேகாஸுக்கு வெளியேயும் இதற்குள் வேர் பிடித்திருந்தது. அமரில்லோ ஸ்லிம் 1979-இல் தம் பெயரிலேயே ஒரு தொடரைத் தொடங்கினார். டப்ளினைச் சேர்ந்த பந்தய முகவர் டெரி ராஜர்ஸ், ஹார்ஸ்ஷூவில் பார்த்ததை அயர்லாந்துக்குக் கொண்டுபோய் ஐரிஷ் ஓப்பன் போட்டியை நிறுவினார். 1980-இல் அதன் முதல் பட்டத்தை வென்றவர் கொலெட் டோஹெர்டி என்ற பெண். ஹார்ஸ்ஷூவில் பெண்களுக்கெனத் தனிப் போட்டி 1977-இலேயே தொடங்கியிருந்தபோதிலும், முதன்மைப் போட்டியின் இறுதி மேசையில் ஒரு பெண் அமர 1995 வரை, பார்பரா என்ரைட் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

1989-இல் பென்னி பினியன் இறந்தார். மறு ஆண்டு மன்சூர் மத்லூபி, அமெரிக்கர் அல்லாத முதல் வெற்றியாளரானார். 1991-இல் 215 பேர் கலந்துகொள்ள, முதல் பரிசு பத்து இலட்சம் டாலரைத் தொட்டது. அதை வென்றவர் பிராட் டாகர்ட்டி. பினியன் ஒருகாலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்த அதே தொகை. டிராக் வகுத்த தகுதி ஆட்டத்தை இணையத்துக்கு மாற்றியபோது வீட்டிலிருந்தே நுழையலாம் என்றாயிற்று. 2003-இல் அவ்வழியே வந்த டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 839 பேர் ஆடிய போட்டியில் 25 இலட்சம் டாலர் வென்றார், அதற்கடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஹார்ஸ்ஷூவில் இடம் போதவில்லை. 2005-இல் முதன்மைப் போட்டியின் கடைசி இரண்டு நாட்களை மட்டும் அங்கே நடத்திவிட்டு, போட்டியை வேறு விடுதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.